தோல்வியைப் படித்த வெற்றியாளர்

சதுரங்கத்தில் தோற்றவர் முதலில் எதைத் தேடுகிறார்? பெரும்பாலும் ஒரு சாக்கைத்தான். தூக்கம் போதவில்லை என்பார். எதிராளிக்கு அதிர்ஷ்டம் என்பார். தாம் ஆடிய ஆட்டத்தை மீண்டும் பலகையில் அடுக்கி, எந்த நகர்த்தலில் தவறினோம் என்று தேடுபவர் குறைவு. அப்படித் தேடிய ஒருவரைப் பற்றி இன்று பார்ப்போம்.

சோவியத் நாட்டு மின்பொறியாளர் மிகைல் போட்வினிக் 1948ல் உலக வெற்றியாளரானார். 1960ல், தமது 48வது வயதில், ரீகா நகரத்து இளைஞர் மிகைல் தாலிடம் 12.5 - 8.5 என்ற கணக்கில் பட்டத்தை இழந்தார். தாலுக்கு அப்போது 23 வயதுதான். 6வது ஆட்டத்தில் தால் ஒரு குதிரையைப் பலி கொடுத்தார். அரங்கில் ஆரவாரம் எழுந்து, ஆட்டத்தையே வேறு அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பலியில் ஓட்டை இருந்தது பிற்பாடு ஆராய்ந்தபோது தெரிந்தது. பலகைமுன் அமர்ந்திருந்த போட்வினிக்கிற்கோ சரியான பதில் அகப்படவில்லை.

வயதைக் காரணம் காட்டி அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். காய்கள் தடையின்றி ஓடும் நிலைகளில் தாலுக்கு நிகரில்லை. சிப்பாய்கள் வழியடைத்து நிற்கும்போதும், ராணிகள் வெட்டுப்பட்ட பின்னும் அவரது வேகம் குறைகிறது என்று கண்டார். 1961 மறுபோட்டியில் அத்தகைய நிலைகளுக்கே ஆட்டத்தை இழுத்துச் சென்று, 13 - 8 என்று பட்டத்தை மீட்டார். தால் அப்போது சிறுநீரக நோயால் அவதிப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் போட்வினிக்கின் உழைப்பு அதனால் சிறிதாகிவிடாது.

வீட்டில் தனியாக ஆராயும்போது நமக்கு நாமே சலுகை காட்டிவிடுவோம். ஆகவே ஆய்வை அச்சிட்டு வெளியிடுங்கள், பிறர் குறை காணட்டும் என்பது அவர் கொள்கை. 1963ல் இளையருக்காக அவர் தொடங்கிய பள்ளியிலும், மாணவர்கள் தங்கள் ஆட்டங்களைத் தாங்களே ஆராய்ந்து வந்து விளக்க வேண்டும். அவரிடம் பயின்ற கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவரும் பின்னாளில் உலக வெற்றியாளர்களாயினர்.

அரசனுக்குச் சொல்ல வந்த வள்ளுவர், குற்றங்கடிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். இன்று கணினி நம் பிழையை நொடியில் காட்டிவிடும். அந்த நேரத்தில் நம்மை அப்படி ஆட வைத்தது அவசரமா, அச்சமா, ஆணவமா என்பதை அது சொல்லாது. அதை ஆடியவர்தான் தேடிக் காணவேண்டும்.