பெட்டிக்குள் பூட்டு, தலைமாட்டில் துப்பாக்கி: அமெரிக்க விசைப்பூட்டுச் சட்டங்களின் வரலாறு

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கும் யாருக்கும் 2006 ஏப்ரல் 24 முதல் அதோடு ஒரு பாதுகாப்புக் கருவியும் சேர்ந்தே கிடைக்கிறது. பெரும்பாலும் அது பூட்டுதான். தராமல் விற்கும் கடைக்காரரின் உரிமம் பறிபோகலாம், அபராதமும் உண்டு. ஆனால் வாங்கியவர் வீட்டுக்குப் போய் அந்தப் பூட்டை மாட்டினாரா, மேசை இழுப்பறையில் போட்டாரா என்று கூட்டாட்சி அரசு கேட்பதில்லை. விற்பவர்மீது கட்டாயம், வைத்திருப்பவருக்கு விருப்பம். இந்தப் பாதிச் சட்டம் தற்செயலாகப் பிறந்ததல்ல. துப்பாக்கி வைத்திருப்போரோடு பல ஆண்டுகள் நடந்த இழுபறியில் அவர்கள் எவ்வளவுக்கு இசைந்தார்களோ அவ்வளவுதான் சட்டமாயிற்று. அவர்கள் பூட்டை வெறுத்தார்கள் என்று பொதுவாக எழுதப்படுகிறது. ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. அவர்களுடைய சண்டை பூட்டோடு அல்ல, அதை எப்போது மாட்டுவது என்று முடிவுசெய்யும் அதிகாரத்தோடு.

முதலில் கருவியைப் பார்க்கலாம். விசைப்பூட்டு என்பது விசைக்காப்பு வளையத்தின் இரு பக்கமும் கவ்விக்கொள்ளும் இரண்டு துண்டுகள். நடுவில் ஓர் உலோகத் தண்டு, உட்பக்கம் ரப்பர் பட்டை, ஒரு சாவித் துளை அல்லது எண் சக்கரம். மாட்டிவிட்டால் விரல் விசைக்குப் போகாது. ஆனால் தோட்டா நிரப்பிய துப்பாக்கியில் இதை மாட்டவே கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். மாட்டும்போது தண்டு விசையை அழுத்திவிட்டால் குண்டு பாயும். இன்னொரு வகையான கேபிள் பூட்டில், பிளாஸ்டிக் உறையிட்ட இரும்புக் கம்பி தோட்டா போகும் வழியிலேயே நுழைகிறது. அது இருக்கும்வரை துப்பாக்கியை நிரப்பவே முடியாது. ஆக இந்த இரண்டில் எந்தப் பூட்டானாலும் பூட்டிய துப்பாக்கி காலியான துப்பாக்கி. வேட்டைக்காரருக்கு இது ஒரு தொல்லையே இல்லை. பருவம் முடிந்தால் அவருடைய ரைஃபிள் எப்படியும் அலமாரிக்குள் போய்விடும். திருடனுக்குப் பயந்து தலைமாட்டில் துப்பாக்கி வைத்துத் தூங்குகிறவருக்கோ, அந்தத் துப்பாக்கியை எதற்காக வாங்கினாரோ அந்தக் காரணத்தையே பூட்டு எடுத்துவிடுகிறது.

இந்த இரண்டாம் வகையினர் பெருகிய காலமும் பூட்டுச் சர்ச்சை வளர்ந்த காலமும் ஒன்றே. 1999இல் எடுத்த கருத்துக்கணிப்பில் துப்பாக்கி வைத்திருப்போரில் 49 சதவீதத்தினர் வேட்டையையும் 26 சதவீதத்தினர் தற்காப்பையும் முதன்மைக் காரணமாகச் சொன்னார்கள். 2013இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது தற்காப்பு 48 சதவீதம், வேட்டை 32 சதவீதம் என்று தலைகீழாகியிருந்தது. பூட்டு குறித்த மனப்போக்கை விளக்க இதைவிட நல்ல சான்று இல்லை.

சட்ட வரலாறு ஃபுளோரிடாவில் தொடங்குகிறது. 1989 கோடையில் அங்கே குழந்தைகள் கையில் கிடைத்த துப்பாக்கிகளால் அடுத்தடுத்து உயிர்கள் போயின. அதே ஆண்டு, 16 வயதுக்கு உட்பட்டவர் எடுக்கக்கூடிய இடத்தில் நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைக்கும் பெரியவரைத் தண்டிக்கும் நாட்டின் முதல் சட்டத்தை அந்த மாநிலம் இயற்றியது. துப்பாக்கிப் பண்பாடு ஆழ வேரூன்றிய ஒரு தென்மாநிலம் முந்திக்கொண்டது கவனிக்கத்தக்கது. அந்தச் சட்டம் பூட்டை ஒரு வழியாகச் சொன்னது, ஒரே வழியாகச் சொல்லவில்லை. பொறுப்பை உரிமையாளரிடமே விட்டது. பின்னால் வந்த சட்டங்களில் எவற்றைத் துப்பாக்கிக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள், எவற்றோடு மோதினார்கள் என்பதற்கு இந்த வேறுபாடே உரைகல்.

1997இல் அதிபர் கிளிண்டன் விசைப்பூட்டைக் கையில் எடுத்தார். மார்ச்சில், கூட்டாட்சிக் காவல் அமைப்புகள் தம் அலுவலர்களுக்குத் தரும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியோடும் பூட்டும் தர வேண்டும் என்று ஆணையிட்டார். அக்டோபர் 9 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், க்ளாக் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் இனித் தாமாகவே பூட்டு சேர்த்துத் தருவதாக அவர் முன்னிலையில் அறிவித்தன. பேச்சு நடத்தியவர் துப்பாக்கித் தொழில்துறைச் சங்கம் ஒன்றின் தலைவரான ரிச்சர்ட் ஃபெல்ட்மேன். சட்டம் வருவதற்கு முன் நாமே தந்துவிடுவோம் என்பது அவர் கணக்கு. பூட்டு இலவசமாகக் கிடைப்பதில் எந்த வாடிக்கையாளருக்கும் நட்டமில்லை. ஆனாலும் துப்பாக்கி வைத்திருப்போரின் அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கம் சினந்தது. இன்று பெட்டியில் பூட்டு வைப்பவன் நாளை அதை மாட்டச் சொல்லுவான், மறுநாள் மாட்டினாயா என்று பார்க்க வீட்டுக்குள் வருவான் என்ற அச்சம் அதன் உறுப்பினர்களிடம் ஆழமாக இருந்தது. வெளியாருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் தலைநகர் வாஷிங்டனில் 1976 முதலே, வீட்டிலுள்ள துப்பாக்கி காலியாகவும், பிரித்துப் போட்டோ விசைப்பூட்டு மாட்டியோ இருக்க வேண்டும் என்ற சட்டம் நடப்பில் இருந்தது. அச்சத்துக்கு முன்மாதிரி கண்முன்னே இருந்தது.

நாடாளுமன்றத்தில் காற்று மாறி மாறி அடித்தது. 1998 ஜூலையில் செனட்டர் பார்பரா பாக்ஸர் கொண்டுவந்த பூட்டுத் திருத்தத்தை செனட் 61–39 என்று ஒதுக்கித்தள்ளியது. 1999 ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. மே மாதத்தில் செனட்டர் ஹெர்ப் கோல் முன்வைத்த திருத்தம் 78–20 என்று நிறைவேறியது. கோல் விஸ்கான்சின்காரர், வேட்டைக்காரர்கள் நிறைந்த மாநிலம். கைத்துப்பாக்கியோடு பூட்டு விற்க வேண்டும் என்பதோடு அவர் திருத்தம் நின்றுகொண்டது. அதைத் தாங்கிய மசோதா இரு அவைகளுக்கும் இடையில் சிக்கி மடிந்துபோனாலும், எந்த எல்லைக்குள் நின்றால் வாக்கு கிடைக்கும் என்பது தெரிந்துவிட்டது.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அனுபவித்தது. 2000 மார்ச் 17 அன்று அந்நிறுவனம் கிளிண்டன் அரசோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. 60 நாளில் எல்லாக் கைத்துப்பாக்கிகளோடும் வெளிப்பூட்டு, 24 மாதத்தில் துப்பாக்கிக்குள்ளேயே பொருத்திய உட்பூட்டு, கூடவே விற்பனை முறைகளில் பல கட்டுப்பாடுகள். துப்பாக்கி வாங்குவோர் அந்தப் பெயரையே புறக்கணித்தார்கள், ஆலைகள் சில வாரம் மூடிக்கிடந்தன. 1987இல் 11.25 கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்கியிருந்த பிரிட்டிஷ் முதலாளி டாம்கின்ஸ், 2001 மேயில் 1.5 கோடி டாலர் ரொக்கத்துக்கு அதை விற்றுவிட்டு வெளியேறியது. வாங்கியது அரிசோனாவைச் சேர்ந்த சேஃப்-டி-ஹேமர். துப்பாக்கிப் பூட்டுகள் தயாரிக்கும் சிறு நிறுவனம் அது! புறக்கணிப்பு அத்தோடு தணிந்தது. பூட்டு விற்பவனிடம் பகையில்லை, அரசோடு கையெழுத்திட்டவனிடம்தான் பகை என்பதை வாடிக்கையாளர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் உட்பூட்டின்மீது கசப்பு நின்றுவிட்டது. அந்த ரிவால்வர்களின் இடப்பக்கம், உருளையைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே, ஒரு சிறு சாவித்துளை இருக்கும். ரசிகர்கள் அதை ‘ஹில்லரி ஓட்டை’ என்று இன்றும் திட்டுகிறார்கள். பழைய, துளையற்ற ரிவால்வர்களைத் தேடி வாங்குவோர் உண்டு. நிறுவனமும் அண்மையில் துளையில்லாத சில மாதிரிகளைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறது. கழற்றி வைக்கக்கூடிய பூட்டைச் சகித்தவர்கள் கழற்ற முடியாத பூட்டைச் சகிக்கவில்லை.

பூட்டின் தரமும் வாதத்துக்குத் தீனி போட்டது. மேரிலாந்து ஆளுநர் பாரிஸ் கிளெண்டனிங் 2000 மார்ச்சில் செய்தியாளர்களுக்கு உட்பூட்டைச் செயல்விளக்கம் காட்ட முயன்றபோது, திறக்க முடியாமல் கேமராக்களுக்கு முன் திணறினார். அடுத்த மாதமே அம்மாநிலம் பூட்டுச் சட்டத்தை இயற்றியது என்றாலும் அந்தக் காட்சியைத் துப்பாக்கிக்காரர்கள் மறக்கவில்லை. ஆளுநருக்கே பகலில் இந்தப் பாடு என்றால் இருட்டில் எனக்கு என்ன கதி என்பது அவர்கள் கேள்வி. 2001 பிப்ரவரியில், தொழில்துறை அமைப்பு இலவசமாக வழங்கியிருந்த சுமார் 4 லட்சம் பூட்டுகள், சாவியில்லாமலே திறந்துகொள்ளும் என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்டன. இந்தக் குறை உண்மையானது. மட்டமான பூட்டு குழந்தையையும் காப்பதில்லை, பெரியவரின் நம்பிக்கையையும் பெறுவதில்லை.

2005இல் இழுபறி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. துப்பாக்கித் தயாரிப்பாளர்களை வழக்குகளிலிருந்து காக்கும் மசோதாவைத் தேசிய ரைஃபிள் சங்கம் முதன்மைக் கோரிக்கையாக முன்வைத்திருந்தது. கோல் தன் பழைய திருத்தத்தை அதில் சேர்த்தார், 70–30 என்று வென்றது. அக்டோபர் 26 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்டார். பூட்டை மாட்டி வைத்த உரிமையாளருக்கு, வேறொருவர் அவர் அனுமதியின்றித் துப்பாக்கியை எடுத்துத் தவறாகப் பயன்படுத்தினால் இழப்பீட்டு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்றும் சட்டம் சொன்னது. மாட்டாதவருக்குத் தண்டனை இல்லை, மாட்டியவருக்குச் சலுகை. ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும், தனியார் தமக்குள் விற்றுக்கொள்வதற்கும் பூட்டு தரும் கட்டாயம் பொருந்தாது.

மறுபுறம், கட்டாயமாக மாட்டச் சொன்ன வாஷிங்டன் சட்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2008 மார்ச் 18 அன்று நடந்த வாதத்தில் நகரத்தின் வழக்கறிஞர் வால்டர் டெல்லிங்கர், விசைப்பூட்டைத் தாம் 3 விநாடியில் கழற்றியதாகச் சொன்னார். நீதிபதிகள் விடவில்லை. எண் பூட்டென்றால் முதலில் படுக்கையருகே விளக்கைப் போட வேண்டும், அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும் என்று குறுக்கிட்டார்கள். துப்பாக்கிக்காரர்கள் கடைகளிலும் சுடுதளங்களிலும் ஆண்டுக்கணக்கில் பேசிவந்த கவலை, அன்று நாட்டின் உயர்ந்த மன்றத்தில் நீதிபதிகள் வாயிலாகவே ஒலித்தது. ஜூன் 26 அன்று 5–4 என்று வந்த ஹெல்லர் தீர்ப்பு, உடனடித் தற்காப்பை முடியாததாக்கும் பூட்டுக் கட்டாயம் செல்லாது என்றது. விபத்தைத் தடுக்கும் சேமிப்புச் சட்டங்கள் எல்லாவற்றையும் இது சாய்த்துவிடாது என்றும் நீதிபதி ஸ்கேலியா எழுதினார். அந்த இடைவெளியில்தான் சான் பிரான்சிஸ்கோவின் விதி பிழைத்தது. கையில் எடுத்துச் செல்லாதபோது மட்டும் கைத்துப்பாக்கியைப் பூட்டு என்றது அது. 2014இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது, மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. நீதிபதி தாமஸ் உடன்படவில்லை: தூங்கும் நேரத்தில்தான் ஒருவருக்குத் துப்பாக்கி உடனே தேவைப்படும் என்பது அவர் வாதம்.

பூட்டால் பயன் உண்டா? 2005இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, பூட்டி வைத்த துப்பாக்கிகளால் சிறாரின் தற்கொலையும் விபத்தும் நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைவு என்று கண்டது. பூட்டுச் சட்டங்களால் குற்றம் கூடும் என்று 2001இல் லாட், விட்லி இருவரும் எழுதியதைத் துப்பாக்கிக்காரர்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. பின்வந்த ஆய்வுகளின் எடை சிறார் பாதுகாப்பின் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆனாலும் 2016இல் எடுத்த தேசிய ஆய்வில், எல்லாத் துப்பாக்கிகளையும் பாதுகாப்பாக வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் 46 சதவீதமே. எப்படி வைப்பது என்பதை எது தீர்மானித்தது என்று கேட்டால் முதலிடம் வீட்டுத் தற்காப்புக்கு, அடுத்து பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்கு. இந்த இரண்டாம் விடையில்தான் வழி இருக்கிறது. அரசு அதிகாரி சொல்லிக் கேட்காதவர், சுடப் பழக்கிய ஆசிரியர் சொன்னால் கேட்கிறார்.

நியூ ஹாம்ஷயரில் நடந்தது இதற்குச் சான்று. 2009இல் ஒரு வாரத்துக்குள், ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்திலேயே தற்கொலை செய்துகொண்டார்கள். அதிர்ந்துபோன கடைக்காரர் மற்ற கடைக்காரர்களோடும் தற்கொலைத் தடுப்பு ஆர்வலர்களோடும் சேர்ந்து ‘கன் ஷாப் புராஜெக்ட்’ தொடங்கினார். கடைச் சுவரில் சுவரொட்டி, கவுண்ட்டரில் துண்டறிக்கை, மனம் உடைந்த நண்பரின் துப்பாக்கியைக் கொஞ்சகாலம் வேறிடத்தில் வைக்கும் யோசனை. பல மாநிலங்களுக்கு அது பரவியது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பூட்டைக் குழந்தைப் பாதுகாப்பாக மட்டும் பார்த்த பழைய வாதம், சொந்த வீட்டுப் பெரியவரையும் அது காக்கும் என்பதைப் பேசாமல் விட்டிருந்தது.

கட்டாயமாகத் தந்தும் பயன்படாத பூட்டின் விலை மிச்சிகனில் வெளிப்பட்டது. 2021 நவம்பர் 26 அன்று ஒரு தந்தை வாங்கிய கைத்துப்பாக்கியால், நான்கே நாளில் அவருடைய 15 வயது மகன் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 4 மாணவர்களைக் கொன்றான். துப்பாக்கியோடு வந்த கேபிள் பூட்டு பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே கிடைத்தது. 2024இல் தந்தையின் வழக்கில் அரசு வழக்கறிஞர் அதே துப்பாக்கியில் கேபிள் பூட்டை நடுவர் குழுவின் முன் மாட்டிக் காட்டினார், சில விநாடிதான் ஆனது. தாய், தந்தை இருவருக்கும் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. பிள்ளை நடத்திய பள்ளிப் படுகொலைக்குப் பெற்றோர் ஆட்கொலைக் குற்றத்தில் தண்டனை பெற்றது அமெரிக்காவில் அதுவே முதன்முறை. 2024 பிப்ரவரி 13 முதல் அம்மாநிலத்தில் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. சிறார் இருக்கக்கூடிய இடத்தில் கவனிப்பாரின்றிக் கிடக்கும் துப்பாக்கி, காலி செய்து பூட்டப்பட்டோ, பூட்டிய பெட்டியில் வைக்கப்பட்டோ இருக்க வேண்டும். பிள்ளைகள் வராத வீட்டில் தனியே வாழ்பவரின் தலைமாட்டுத் துப்பாக்கியை அது தொடவில்லை.