உம்மாவின் கையால் காயப்பட்டவர்களுக்கு வரலாறு சொல்வது

ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நம்மூரில் வாப்பா அடித்தால் அதைப் பற்றி நாலு பேர் கதைப்பார்கள். உம்மா அடித்தால் யாரும் கதைப்பதில்லை. "உம்மாதானே, உன்ட நன்மைக்குத்தானே" என்று அந்தக் கதை முடிந்துவிடும். அதற்கு மேலும் ஒரு பிள்ளை வாய் திறந்தால், தாயின் காலடியில்தான் சொர்க்கம் என்பதை எடுத்துச் சொல்லி வாயை மூடிவிடுவோம். தாயின் மதிப்பு உண்மை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த மதிப்பைச் சொல்லி ஒரு பிள்ளையின் காயத்தை மறைக்க மார்க்கம் எங்களுக்குக் கற்றுத் தந்ததா? நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். அதனால் வரலாற்றிலிருந்தே மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் முஸ்அப் இப்னு உமைர் (ரழி). மக்காவின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல உடுப்பு, நல்ல அத்தர் என்றால் ஊரே அவரைத்தான் சொல்லும். அவருடைய தாய் குனாஸ் பின்த் மாலிக், மகன் மேல் உயிரையே வைத்திருந்தவர். அதே தாய்தான், மகன் இஸ்லாத்தை ஏற்றது தெரிந்ததும், குடும்பத்தாரோடு சேர்ந்து அவரைப் பிடித்து வீட்டில் அடைத்து வைத்தார். முஸ்அப் அங்கிருந்து தப்பி அபீசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனார். திரும்பி வந்தபோது தாயின் செல்வமும் இல்லை, சுகமும் இல்லை. ஒட்டுப்போட்ட உடுப்போடு திரிந்தார்.

பாசமும் கொடுமையும் ஒரே கையிலிருந்து வருவதைவிடப் பிள்ளையைக் குழப்புகிற விஷயம் வேறில்லை. அப்படி வளர்ந்தவர் பிறகு என்ன ஆனார்? 621ஆம் ஆண்டு முதலாம் அகபா உடன்படிக்கைக்குப் பின், மதீனா மக்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பியது இவரைத்தான். அந்த ஊருக்கு இஸ்லாத்தின் முதல் ஆசிரியர் அவர்.

அங்கே ஒரு நாள் உஸைத் இப்னு ஹுளைர் என்ற தலைவர் ஈட்டியோடு கோபமாக வந்து, ஊரைவிட்டுப் போகச் சொன்னார். முஸ்அப் குரலை உயர்த்தவில்லை. கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள், பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம் என்ற கருத்தில்தான் பேசினார். உஸைத் ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு உட்கார்ந்தார். எழும்பும்போது முஸ்லிமாக எழும்பினார்.

நான் இந்த இடத்தில் எப்போதும் நின்று யோசிப்பேன். தன்னை ஒரு அறைக்குள் பூட்டி நம்பிக்கையை மாற்றச் சொன்ன அனுபவம் இவருக்கு உண்டு. அந்த மனிதர் இன்னொருவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்கவும் மறுக்கவும் அவருக்கு உரிமை கொடுத்தார். பூட்டப்பட்டவர் தன் கையில் ஒரு பூட்டை எடுக்கவில்லை. பட்ட காயத்தை அடுத்தவருக்குக் கடத்தாமல் தன்னோடு நிறுத்துவதுதான் காயத்தை வெல்வது. 625இல் உஹதுப் போரில் கொடி ஏந்தியபடி ஷஹீதானபோது, அவரைக் கபனிட இருந்த போர்வை தலையை மூடினால் காலுக்குப் போதவில்லை, காலை மூடினால் தலைக்குப் போதவில்லை.

இரண்டாமவர் ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி). இவருடைய தாய் கையை ஓங்கவில்லை. நீ இந்த மார்க்கத்தை விடும்வரை சாப்பிடமாட்டேன், குடிக்கமாட்டேன், செத்தால் அந்தப் பழி உன்மேல்தான் என்று சத்தியம் செய்தார். உடம்பில் தழும்பு விழாத கொடுமை இது. எங்கள் வீடுகளிலும் இதைக் கேட்டிருப்போம். "நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதி" என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லும் சொல் ஒரு பிரம்படியைவிட நீண்ட காலம் வலிக்கும். ஸஃத் தாயை நேசித்தவர். ஆனாலும் வளையவில்லை.

இந்தச் சந்தர்ப்பத்தோடு தொடர்புபடுத்தித்தான் சூரா லுக்மானின் 15ஆம் வசனத்தை அறிஞர்கள் விளக்குகிறார்கள். அல்லாஹ்வுக்கு இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் கீழ்ப்படிய வேண்டாம், ஆனாலும் இவ்வுலகில் அவர்களோடு நல்லபடி நடந்துகொள் என்பது அதன் கருத்து. கீழ்ப்படிவது வேறு, நல்லபடி நடப்பது வேறு என்று குர்ஆனே பிரித்துக் காட்டுகிறது. நாங்கள்தான் இரண்டையும் ஒன்றாக்கிப் பிள்ளையின் தலையில் வைக்கிறோம். அந்த ஸஃத்தான் பிறகு காதிஸிய்யாவில் பாரசீகப் படையை வென்ற தளபதி. கூஃபா நகரை நிறுவியவரும் அவரே.

மூன்றாமவர் தில்லியின் ரஸியா சுல்தானா. இங்கே கொடுமை செய்தவர் பெற்ற தாயல்ல, வாப்பாவின் இன்னொரு மனைவி ஷா துர்கான். சுல்தான் இல்துத்மிஷ் தனக்குப் பின் மகள் ரஸியா ஆள வேண்டும் என்று விரும்பியவர். 1236இல் அவர் மௌத்தானதும் ஷா துர்கானின் மகன் ருக்னுத்தீன் பிரோஸ் அரியணை ஏறினார். அதிகாரம் தாயின் கையில் இருந்தது. அந்தப்புரப் பெண்களைப் பழிவாங்கினார். இல்துத்மிஷின் இன்னொரு மகனான குத்புத்தீன் என்ற சிறுவனின் கண்களைப் பறித்துக் கொன்றார்கள். அடுத்த குறி ரஸியா.

ரஸியா என்ன செய்தார் என்பதை இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். ஆமாம், 1344இல் எங்கள் இலங்கைக்கு வந்து புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலைக்கும் போன அதே இப்னு பதூதாதான். தில்லி மக்கள் வெள்ளை உடுப்பவர்கள். அநீதி இழைக்கப்பட்டவர் நிறத்துணி உடுத்தி வந்தால் உடனே விசாரிக்கப்படும் என்று இல்துத்மிஷ் ஒரு வழக்கம் வைத்திருந்தாராம். வாப்பா வைத்த அந்த வழக்கத்தை மகள் மறக்கவில்லை. ஜும்ஆவுக்குக் கூடிய மக்கள் முன், பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்து மாளிகையின் மேலே நிறத்துணி உடுத்தி நின்று முறையிட்டார். இப்னு பதூதா தில்லிக்கு வந்தது நூறு வருடம் கழித்து, 1334இல். அதனால் இது மக்கள் வாயில் நிலைத்த கதை. ஆனால் தில்லி மக்கள் ரஸியாவுக்காக எழுந்து ஷா துர்கானைப் பிடித்ததை, அந்தக் காலத்திலேயே வாழ்ந்த மின்ஹாஜும் பதிவு செய்திருக்கிறார்.

ரஸியா 1240 வரை ஆண்டார். மின்ஹாஜிடம் தில்லியின் நாஸிரிய்யா மத்ரஸாவை ஒப்படைத்ததும் அவர் ஆட்சியில்தான். பிரபுக்களின் கிளர்ச்சியில் ஆட்சியும் உயிரும் போயின. முடிவு இனிப்பாக இல்லை. ஆனாலும் அவர் தனக்கு நடந்ததை மறைத்து வைத்துச் சாகவில்லை. சொன்னார். கேட்க ஒரு ஊர் இருந்தது.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

வன்னியின் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதை எழுதவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்த சிறுமிகள் இன்று நீராவிப்பிட்டியிலும் ஹிஜ்ராபுரத்திலும் உம்மாமார். 2009இல் ஷெல்லுக்கு நடுவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, முகாம் கம்பிக்குள் இருந்த பெண்கள் பக்கத்துக் கிராமங்களில் அம்மாமார். அவர்கள் அழுது முடிக்கவே இந்த நாடு நேரம் கொடுக்கவில்லை. அதற்குள் வீடு, கடன், நுண்கடன்காரரின் வாசல் தட்டல். அந்தப் பயமும் ஆத்திரமும் போகிற இடம் வீட்டிலேயே பலமில்லாத ஆள், அதாவது பிள்ளை. இது காரணம். ஆனால் காரணம் தெரிந்தால் அடி வலிக்காமல் போகாது.

தில்லியில் அநீதிக்கு ஒரு நிறத்துணி இருந்தது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வெள்ளைச் சீருடையில்தான் வருகிறார்கள். அவர்களின் நிறத்துணியை நாங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலிலும் கையை மறைத்துக்கொள்ளும் பிள்ளை, மணி அடித்தும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கும் பிள்ளை, யாராவது கையை உயர்த்தினாலே தலையைக் குனியும் பிள்ளை. பெரியம்மா, சாச்சி, பக்கத்து வீட்டார், மத்ரஸா உஸ்தாத், நாங்கள் ஆசிரியர்கள், எல்லாரும் பார்க்கிறோம். பார்த்ததை "குடும்ப விஷயம்" என்று விடுகிறோம்.

விடாதீர்கள். அந்தப் பிள்ளையோடு இருந்து கதையுங்கள். பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த உம்மாவையும் விட்டுவிடாதீர்கள். ஒரு நேரம் பிள்ளைகளை நீங்கள் வைத்துக்கொண்டு அவவைத் தூங்க விடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போவது பைத்தியம் என்பதற்கான சான்றிதழ் அல்ல.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் இப்போது பெரியவர்கள், பிள்ளை பெற்றவர்கள். உம்மாவின் மேல் பாசமும் உள்ளே ஆறாத ஒரு நோவும் சேர்ந்தே இருக்கும். இரண்டும் ஒரே நெஞ்சில் இருப்பது பாவமல்ல. அவர் வயது போன காலத்தில் மருந்து வாங்கிக் கொடுங்கள், துஆ செய்யுங்கள். அதோடு நடந்தது சரியில்லை என்பதையும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பிள்ளை பாலைக் கொட்டும்போது, உங்கள் கை தானாக உயரும்போது, முஸ்அபை நினையுங்கள். ஈட்டியோடு வந்தவரையே உட்காரச் சொன்னவர் அவர். உங்கள் முன்னால் நிற்பது வெறுங்கையோடு நிற்கும் ஒரு சின்னப்பிள்ளை.

அல்லாஹ் எங்கள் உம்மாமாரையும் எங்கள் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.