டீசல் இஞ்சினுக்கு ரிங் வாங்குமுன்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோ தாங்கமுடியாதது. அதனால் தெஹிவளையிலும் பழைய டீசல் காரின் இஞ்சினைச் செய்து ஓட்டுவோர் பலர்.

நீலப்புகை, ஒயில் குறைவு, காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது, ஒயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளுவது ஆகியவை பிஸ்டன் ரிங் தேய்ந்ததன் அடையாளங்கள். வால்வு சீல் பழுதானாலும் நீலப்புகை வரும். ஆகவே முதலில் கொம்பிரசன் பார்க்கவேண்டும்.

மருதானை பஞ்சிகாவத்தையில் ரிங் வாங்குமுன் சிலிண்டரை அளக்கச் சொல்லுங்கள். தேய்வு மேற்பகுதியில்தான் அதிகம். அளவுக்குமேல் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் புது ரிங்கும் அடைக்காது, போட்ட காசு வீண். ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போடவேண்டும். தேய்வு குறைவெனில் மேல்முனையில் மீந்த விளிம்பை அகற்றி, ஹோன் பிடித்தால் போதும். விளிம்பை விட்டால் புது ரிங் அதில் மோதி உடையும்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். போதாவிட்டால் சூட்டில் விரிந்து இறுகும். மூன்று ரிங்கின் வாய்களும் நேர்க்கோட்டில் வராமல் 120 பாகை விலகி நிற்கட்டும். ஓடத் தொடங்கி 1,000 கிலோமீற்றருக்குள் ஒயிலை மாற்றிவிடுங்கள்.