வெட்டுவான் கோயிலும் வரம்பிலாப் பொருளும்

கழுகுமலையின் பாறைச் சரிவிலுள்ள வெட்டுவான் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கினர். எட்டாம் நூற்றாண்டளவில், பாண்டியர் காலத்தில் நடந்த பணி அது. சிகரம் முழுமை பெற்றது. அடிப்பகுதி பாறையாகவே நின்றுவிட்டது. காண்போர் எவரும் அதை முற்றுப்பெறாத கோயில் என்றே கூறுவர். முற்றுப்பெற்ற கோயிலைப் பற்றிய எண்ணம் உள்ளத்தில் முன்னரே இல்லையெனில் இக்கூற்று எவ்வாறு பிறக்கும்?

இதே வினாவைத்தான், கோயிலை அன்று, மனிதனைப் பற்றி, பிரெஞ்சு மெய்யியலார் தெக்கார்த் எழுப்பினார். லா ஃபிளேஷ் நகரில் சேசு சபையார் நடத்திய கல்லூரியில் பயின்றவர் அவர். 1641-இல் வெளியான தம் 'தியானங்கள்' நூலின் மூன்றாம் தியானத்தில் அவர் வாதிடுவது இது: நான் ஐயுறுகிறேன், விரும்புகிறேன், எனவே என்னிடம் ஏதோ குறைகிறது. குறையைக் குறையென உணர நிறைவின் கருத்து எனக்குள் முந்தியிருத்தல் வேண்டும். வரம்புடையதை மறுத்து வரம்பிலாததை நாம் எண்ணவில்லை. வரம்பிலாததே முதலில் அறியப்படுகிறது. என்னினும் பெரிதான அக்கருத்தை நான் உண்டாக்கியிருக்க இயலாது. கைவினைஞன் தன் படைப்பில் இடும் முத்திரைபோல் இறைவனே அதை என்னுள் பதித்தார்.

கசேந்தி இதை ஏற்கவில்லை. அவர் கத்தோலிக்கக் குரு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். மனிதரிடம் காணும் நற்பண்புகளைப் பெருக்கிப் பெருக்கியே நாம் வரம்பிலாதவரை எண்ணுகிறோம் என்றார் அவர். நம் உவமையும் இங்கே தளர்கிறது. முற்றுப்பெற்ற கோயில்களை வேறிடங்களில் கண்டிருக்கிறோம். வரம்பிலாப் பொருளை எங்கே கண்டோம்? எப்போதும் இன்னும் பெரிதை எண்ண வல்ல அந்த ஆற்றல்தான் எங்கிருந்து வந்தது என்பது தெக்கார்த்தின் மறுமொழி. எனக்கு அது வலிய விடையாகவே தோன்றுகிறது.

அவர் மற்றொரு வேறுபாட்டையும் வற்புறுத்தினார். கோவில்பட்டிச் சாலையில் நின்று நோக்கினால் கரிசல் நிலத்துக்கு எல்லை தென்படாது. எல்லை தென்படாதது வேறு. எல்லையே இல்லாதது வேறு. பின்னதை இறைவனுக்கே உரியதாக்கினார்.

ஸ்பினோசாவோ அந்த இடைவெளியையே நீக்கிவிட்டார். வரம்பற்ற ஒரே பொருள். மற்றவையெல்லாம் அதன் நிலைகள். அவர் இறந்த 1677-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த 'அறவியல்' நூலில் படைத்தவர், படைப்பு என்னும் பிரிவுக்கு இடமில்லை.

லைப்னிட்ஸ் 1710-இல் 'தியோடிசி' நூலை வெளியிட்டார். (வீரமாமுனிவர் கோவாவில் வந்திறங்கியதும் அவ்வாண்டே, பின்னர் கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் அவர் பணியாற்றினார்.) ஆற்றில் மிதந்து செல்லும் பல படகுகளை லைப்னிட்ஸ் காட்டுகிறார். எல்லாவற்றையும் இழுத்துச் செல்வது ஒரே நீரோட்டம். மிகுந்த சுமையேற்றியது மெதுவாகச் செல்கிறது. ஓட்டம் இறைவனின் கொடை. மந்தம் படைப்பின் வரம்பு. அவ்வரம்பு பாவத்துக்கும் முற்பட்டது. இயலாமையையும் பாவமென்றெண்ணி மனம் நொந்துகொள்ளும் நம்மவர் பலருக்கு இது பெரும் ஆறுதல். ஆயினும் அவ்வரம்பை அவர் ஒருவகைத் 'தீமை' என்றே பெயரிட்டது பொருத்தமாகப் படவில்லை. படைக்கப்பட்டிருப்பது தீமையாகுமா?

இதற்கு இன்னொரு விடை கழுகுமலைப் பாறையிலேயே இருக்கிறது. வெட்டுவான் கோயிலுக்கு அருகே தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. சமணக் கொள்கைப்படி ஒவ்வோர் உயிருக்கும் கடையிலா அறிவும் கடையிலா இன்பமும் இயல்பாகவே உண்டு. வினை அவற்றை மறைக்கிறது. வினை நீங்கினால் அவை வெளிப்படும். லைப்னிட்சும் இதை நெருங்கி வருகிறார். தனித்தனியான எண்ணற்ற உயிரணுக்கள் ஒவ்வொன்றும் உலகம் முழுவதையும் காட்டும் கண்ணாடி. ஆனால் அதில் காட்சி மங்கலாக உள்ளது என்கிறார்.

பிரிவு அந்த மங்கலில்தான். சமணருக்கு அது கழுவத்தக்க அழுக்கு. அங்கே படைத்தவர் என ஒருவர் இல்லை. லைப்னிட்சுக்கோ அது படைக்கப்பட்டதன் இயல்பு. ஒருபோதும் முற்றிலும் நீங்காது. 1714-இல் எழுதிய சிறு நூலொன்றில், இறைவன் வரம்பிலாதவராதலின் அவரை முழுதும் அறிந்து முடித்தல் எவருக்கும் இயலாது. ஆகவே நம் பேரின்பம் புதிய நிறைவுகளை நோக்கிய ஓயாத பயணமே என்றார். கழுகுமலைத் தீர்த்தங்கரரோ இனி அறிய ஏதுமின்றி அமைதியில் அமர்ந்திருக்கிறார்.