ஒரு பந்தியில் உடைந்த காங்கிரஸ்: ராசிபுரத்து டாக்டர் வரதராஜுலு நாயுடு

நம்ம நாகலூரிலிருந்து ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினா சேலம். அங்கிருந்து தெற்கே போனா ராசிபுரம். அந்த ஊரில் 1887-ல் பிறந்த ஒரு வைத்தியரைப் பற்றித்தான் இன்றைய எபிசோடு. பெயர் பெ. வரதராஜுலு நாயுடு. மூன்று முறை ஜெயிலுக்குப் போனவர், பத்திரிகை நடத்தியவர், தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராக இருந்தவர். ஆனா இன்றைக்கு எந்தக் கட்சி மேடையிலும் இவர் படம் இருக்காது. ஏன் என்பதுதான் என் கேள்வி.

முதல்ல அந்த 'டாக்டர்' பட்டம். எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனா அவர் செய்தது நாட்டு மருத்துவம். 1914-ல் மெட்ராஸ் மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. ஆங்கில மருத்துவம் படித்தவர்களுக்குத்தான் அந்தப் பதிவேட்டில் இடம். நம்ம வைத்தியர்களுக்கு இல்லை. அரசாங்கக் கணக்கில் நாயுடு டாக்டரே கிடையாது. வாசலில் நின்ற நோயாளிகளுக்கு அவர்தான் டாக்டர்.

இதில் ஒரு வசதியும் இருந்தது. மாதச் சம்பளம் வாங்குகிற நமக்கெல்லாம் தெரியும், வாயைத் திறக்கும் முன்னாடி மேனேஜர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். நாயுடுவுக்கு அந்தக் கவலை இல்லை. சம்பளம் கொடுத்தால்தானே அரசாங்கம் அதை நிறுத்த முடியும்?

அதனால் ஜெயில்தான் அவர்களுக்கு இருந்த ஒரே வழி. 1918-ல் மதுரையில் ஹார்வி மில் தொழிலாளர் போராட்டம் நடந்த சமயம். நாயுடு அங்கே போய்ப் பேசினார். ராஜத்துரோக வழக்குப் போட்டு, 18 மாதத் தண்டனை கொடுத்தார்கள். அப்போது அவருக்காக வாதாடிய வக்கீல் யார் தெரியுமா? சேலம் சி. ராஜகோபாலாச்சாரி, நம்ம ராஜாஜி. மேல்முறையீட்டில் ஹைகோர்ட் தண்டனையை ரத்து செய்தது. பிறகும் இரண்டு முறை உள்ளே போனார்: ஒன்று எழுதியதற்கு, இன்னொன்று பேசியதற்கு. ராஜாஜி வாதாடிய அந்த வழக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

1919-ல் சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பின்னால் 'தினமணி' ஆசிரியரான டி. எஸ். சொக்கலிங்கம் பத்திரிகைத் தொழில் பழகியது இங்கேதான். அந்தக் காலத்துக் காங்கிரஸில் 'நாயுடு, நாயக்கர், முதலியார்' என்று மூன்று பேரைச் சேர்த்தே சொல்வார்கள். நாயக்கர் பெரியார், முதலியார் திரு.வி.க., நாயுடு நம்மாள்.

இப்போ 1925. திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவி. அங்கே வ. வே. சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். ஐயர் சாதாரண ஆள் இல்லை. லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர், பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்தவர். குருகுலத்துக்குக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்திருந்தது. அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிட, இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. ஐயருக்குத் தனிப்பட்ட முறையில் அந்த ஆசாரம் கிடையாது. ஆனா அந்தப் பையன்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

விஷயம் வெளியே வந்ததும் நாயுடு விடவில்லை. ஊர்ப் பணத்தில் நடக்கிற தேசியப் பள்ளியில் பந்தியும் ஒன்றாகத்தான் இருக்கணும் என்பது அவர் கட்சி. பத்திரிகையில் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். காந்தி நடுவில் வந்து ஒரு வழி சொன்னார்: கொடுத்த வாக்குக்காக அந்த இரண்டு பேரை அப்படியே விடுங்கள், இனிமேல் அந்த மாதிரி யாரையும் சேர்க்காதீர்கள். பேப்பரில் பார்த்தால் நியாயமான சமரசம். ஆனா பக்கத்து அறையில் சாப்பிடும் மற்றப் பையன்களுக்கு அது என்ன சொல்லிக் கொடுக்கும்? அங்கேதான் நாயுடு பக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஏப்ரல் மாதம் காங்கிரஸ் கமிட்டி கூடியது. பிறப்பை வைத்து வேற்றுமை பார்க்கக் கூடாது என்ற தீர்மானம் நிறைவேறியது. அதை ஏற்காமல் கமிட்டியிலிருந்து ராஜினாமா செய்தவர்களில் ஒருவர் ராஜாஜி. ஏழு வருஷம் முன்னாடி இதே நாயுடுவுக்காகக் கோர்ட்டில் நின்றவர். வெள்ளைக்காரனை எதிர்க்கும்போது ஒன்றாக இருந்தவர்களை ஒரு சாப்பாட்டு இலை பிரித்துவிட்டது.

இந்தக் கதையில் ஜெயித்தவர் யாரும் இல்லை. ஜூன் 3-ஆம் தேதி ஐயர், பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய்த் தானும் இறந்துபோனார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும்.

நாயுடு பெரியாரோடு போகவில்லை. 1926-ல் 'தமிழ்நாடு' சென்னையிலிருந்து நாளிதழாக வந்தது. 1932-ல் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையைத் தொடங்கியதும் இவர்தான். சீக்கிரமே அது கைமாறிப் போனது. பிறகு இந்து மகாசபை, அப்புறம் மறுபடி காங்கிரஸ். 1957-ல் காலமானார்.

இப்போ என் கேள்விக்கு வருவோம். காங்கிரஸ்காரருக்கு அவர் கட்சியை உடைத்தவர். திராவிட இயக்கத்துக்கு, இந்து மகாசபைக்குப் போனவர். மகாசபைப் பக்கம் இருப்பவர்களுக்கு, பந்திக்காகப் பிராமணத் தலைவர்களோடு சண்டை போட்டவர். ஆளாளுக்கு ஒரு சங்கடம், அதனால் எல்லாரும் சேர்ந்து விட்டுவிட்டார்கள். கடைசிவரை ஒரே கட்சியில் இருந்திருந்தால் சேலத்தில் பெரிய சிலையே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவருடைய பிந்தைய முடிவுகள் எல்லாம் எனக்கு உடன்பாடில்லை. அதுக்காக 1925-ல் கேட்ட கேள்வி தப்பாகிடாதே.

சேலம், ராசிபுரம் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய 'தமிழ்நாடு' பத்திரிகை கிடந்தால், எடைக்குப் போடாதீங்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.