பெல்லட் கிரில்லில் பன்றி விலா புகையூட்டல்

பெல்லட் கிரில் என்பது அழுத்திச் செய்த மரத்தூள் குருணைகளை எரித்து, அந்தப் புகையிலும் வெப்பத்திலும் இறைச்சியை மெல்ல வேகவைக்கும் அடுப்பு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1980களில் ஜோ டிரேகர் இதை உருவாக்கினார். திருகுதண்டு குருணைகளை எரிகலத்துக்குத் தள்ளும். மின்விசிறி தணலை ஊதிவிடும்.

விலாவின் உட்புறச் சவ்வை உரித்து, உப்பும் மசாலாவும் தடவி, 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைப்பது வழக்கம். பெரிய விலாத்துண்டுகளுக்கு ‘3-2-1’ முறை புகழ்பெற்றது: 3 மணி நேரம் திறந்த புகையில், 2 மணி நேரம் அலுமினியத் தாளில் சுற்றி, கடைசி 1 மணி நேரம் சாஸ் பூசி. சிறிய முதுகு விலாவுக்கு நேரம் குறையும்.

கருகலுக்கு முதற்காரணம் சர்க்கரை. இனிப்புச் சாஸை முன்னதாகப் பூசினால் இறைச்சி வேகுமுன் மேற்பரப்பு கறுத்துக் கசக்கும். எரிகலத்துக்கு நேர் மேலே வைப்பதும் கருக்கும். தட்டில் தேங்கிய கொழுப்பு தீப்பற்றக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

உள்வெப்பம் 90 முதல் 95 டிகிரியை எட்டும்போது கொலாஜன் ஜெலட்டினாக இளகியிருக்கும். இடுக்கியால் ஒரு முனையைத் தூக்கினால் துண்டு வளைந்து, மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு விடும், அதுவே பதம்.