பழைய அலமாரியும் ஈயப் பெயின்ட்டும்

சமையலறையின் பழைய மர அலமாரியை உப்புத்தாளால் தேய்த்து, வீட்டுக்காரரே புதுப் பெயின்ட் அடித்தால் கூலி மிச்சம். ஆனால் தேய்க்கும்போது பறக்கும் அந்தத் தூசிக்கு ஒரு வரலாறு உண்டு.

அந்தக் காலத்துப் பெயின்ட்டில் வெள்ளை ஈயம் கலந்தார்கள். நன்றாக மூடும், நெடுநாள் உழைக்கும். ஆனால் அது நஞ்சு. 1904-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளின் ஈய நோய்க்கு வீட்டுப் பெயின்ட்டே காரணம் என்று எழுதினார். 1921-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டிடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயப் பெயின்ட் அடிப்பதற்கு எதிராக ஒப்பந்தம் கொண்டுவந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்ததோ 1978-ல்தான். இந்தியாவில் 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

1978-க்கு முந்தைய வீடுகளில் கூலிக்கு இந்த வேலை செய்பவர்கள் பயிற்சியும் சான்றிதழும் பெற வேண்டும் என்று 2010 முதல் அமெரிக்காவில் விதி உண்டு. சொந்த வீட்டில் தானே செய்பவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் ஈயத் தூசி ஆள் பார்ப்பதில்லை. எனவே முதலில் பெயின்ட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவோ, நெருப்பால் சுட்டு உரிக்கவோ கூடாது; நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. மிச்சம் பிடித்த கூலி மருத்துவச் செலவாகிவிட்டால் அது லாபக் கணக்கு ஆகாது.